குந்த முடியாத பெரியவர்களுக்கு உயர்ந்த ஆசனம்: அளவு பார்த்து வாங்குங்கள், அசையாமல் பொருத்துங்கள்



இந்த முறை கக்கூசைப் பற்றி எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ இருந்தால், அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லாத ஒரு கஷ்டம் இதில் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 74. முப்பது வருஷத்துக்கு மேல் பால்வெட்டில் இருந்தவர். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள். இன்றைக்கு இரண்டு முழங்காலும் வீங்கி, மடக்கினால் கடக் கடக் என்று சத்தம் கேட்கிறது. இவர் மலச்சிக்கல் என்று டிஸ்பென்சரிக்கு வந்தார். மருந்து கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே மலச்சிக்கல். மறுபடியும் மருந்து. மூன்றாவது தடவை வந்தபோது ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், தலைசுற்றல். நாக்கைப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், "குடிக்கிறேன், குடிக்கிறேன்" என்கிறார்.

கூட வந்த மருமகள்தான் சொன்னார். "அத்தை சாயங்காலம் நாலு மணிக்கு மேல தேத்தண்ணி தொடுறதே இல்லீங்க ஐயா. ராத்திரிக்கு அரை வயித்துச் சோறுதான். கேட்டா பசியில்லங்கிறாங்க."

பாட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "குடிச்சா போகணும் தம்பி. போனா குந்தணும். குந்தினா எந்திரிக்க முடியல. குழாயைப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன். அன்னைக்கு அந்தக் குழாயே கையோட வந்திருச்சு. ராத்திரியில மருமகளைக் கூப்பிட எனக்கு வெட்கமா இருக்கு."

இரண்டு தடவை நான் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது மருந்தல்ல, உட்கார ஒரு ஆசனம். அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் நம்முடைய தோட்டங்களில் நிறைய பேர். நான் பிள்ளையாக இருந்தபோது லயத்துக்கு அப்பால் வரிசையாகக் கட்டிய கக்கூசுக்கு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு போவோம். இப்போது வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்துவிட்டது, நல்ல காரியம். ஆனால் பெரும்பாலும் குந்தும் பீங்கான்தான். இளம் வயதில் குந்துவது ஒரு குறையுமில்லை. மலம் இளகிப் போக அது நல்ல முறையும்கூட. ஆனால் மூட்டு தேய்ந்தவருக்கு அதுவே தண்டனை. குந்தும்போது முழங்கால் முழுசாக மடங்கி, உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல் விழுகிறது. எழுந்திருக்கத் தொடைச் சதையில் பலம் வேண்டும். வயதாக ஆக அந்தச் சதைதான் சீக்கிரம் கரைகிறது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர், நீரிழிவில் பாதம் மரத்துப்போனவர், இடுப்பு எலும்பு முறிந்து ஆப்பரேஷன் செய்தவர், இவர்களுக்கெல்லாம் குந்துவது இன்னும் ஆபத்து.

போகப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும், தலை சுற்றும். தலை சுற்றினால் விழுவார். ஈரத் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் கக்கூசுக்குள் வழக்கத்தைவிட அதிக நேரம் இருக்கிறாரா, வெளியே வரும்போது வேட்டியோ கைலியோ முட்டிப் பக்கம் நனைந்திருக்கிறதா, சுவரிலே கை வைத்த அழுக்கு ஒரே இடத்தில் படிந்திருக்கிறதா, திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள். நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார்கள். அந்தச் சுவர் சொல்லிவிடும்.

இதற்குச் செய்யக்கூடியது உயரத்தைக் கூட்டுவது. அதில் இரண்டு வழி உண்டு. உங்கள் வீட்டில் உட்காரும் பீங்கான் இருந்தால், அதன்மேல் பொருத்தும் கனமான பிளாஸ்டிக் ஆசனம் கிடைக்கிறது. 2 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என்று வெவ்வேறு உயரத்தில், கைப்பிடி உள்ளதும் இல்லாததுமாக வரும். குந்தும் பீங்கான் இருந்தால் அது பயன்படாது. அதற்குக் கமோட் நாற்காலி வேண்டும். நடுவில் ஓட்டையும் இரண்டு பக்கம் கைப்பிடியும் உள்ள நாலுகால் இரும்பு நாற்காலி அது. அடியில் உள்ள வாளியை எடுத்துவிட்டுப் பீங்கானுக்கு நேராக வைத்துக்கொள்ளலாம். ராத்திரியில் வாளியை மாட்டிப் படுக்கைக்குப் பக்கத்திலும் வைக்கலாம். நம் தோட்ட வீடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்துகிறது.

கடைக்குப் போவதற்கு முன்னால் அளவு எடுங்கள். இதைச் செய்யாமல் வாங்கி வந்து திண்ணையில் போட்டு வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரை ஒரு சாதாரண நாற்காலியில் நேராக உட்காரச் சொல்லுங்கள். கக்கூசுக்குப் போட்டுக்கொண்டு போகும் சிலிப்பரையே போட்டிருக்கட்டும். பாதம் முழுசாகத் தரையில் படியட்டும். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழுகிற இடத்திலிருந்து தரை வரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு ஆசனத்தின் உயரம் அந்த அளவைவிட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் அழுந்தி இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் உயரம் சரி.

உயரம் கூடக் கூட நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பாட்டிக்குக் கமோட் நாற்காலி கொண்டுபோய் வைத்தபோது கால்களைக் கடைசி ஓட்டை வரை இழுத்து உயர்த்திவிட்டு, பெருமையாக நின்றேன். பாட்டி ஏறி உட்கார்ந்தார். பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்குகிறது. "பரண் மேல ஏத்தி உட்கார வச்சிட்டீங்களே தம்பி, இறங்க ஏணி யாரு குடுப்பா?" என்றார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். பாட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. கால் தரையில் ஊன்றாவிட்டால் முக்குவதற்குப் பிடிமானம் கிடையாது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி மரத்துப் போகும். இறங்கும்போது முன்னால் சறுக்கி விழவும் கூடும். பாட்டியின் முழங்கால் அளவை அன்றைக்குத்தான் எடுத்தேன்: 15 அங்குலம். நாற்காலியை 16½ அங்குலத்துக்கு இறக்கினோம்.

உட்காரும் பீங்கானுக்கும் இதே கணக்குத்தான். சாதாரணப் பீங்கான், மூடியோடு உள்ள சீட்டின் மேல்பக்கம் வரை பெரும்பாலும் 15, 16 அங்குலம் இருக்கும். உங்கள் வீட்டில் உள்ளதை அளந்து, பெரியவருக்கு வேண்டிய உயரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். நம்மவர்களில் பலர் குட்டையான உடம்பு. 2 அங்குல ஆசனமே போதுமானதாக இருக்கும். கடைக்காரர் 6 அங்குலத்தைக் காட்டி இதுதான் நல்ல சாமான் என்றால், நாடாவைக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார். இந்த ஆசனங்களில் பல, காகிதத்தால் துடைக்கும் பழக்கமுள்ள நாட்டுக்காரர்களை நினைத்துச் செய்தவை. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். 4 அங்குலம், 6 அங்குலம் கனமுள்ள ஆசனம் சுற்றிவரச் சுவர் எழுப்பினது போல இருந்தால் கையை எப்படி உள்ளே விடுவது? பெரியவர் ஒரு பக்கம் சாய்ந்து, பிட்டத்தைத் தூக்கி, கையை நுழைக்கப் பார்ப்பார். அப்போதுதான் ஆசனம் கழன்று விழும், அல்லது அவர் விழுவார். ஆகவே முன்பக்கமோ பின்பக்கமோ வெட்டுவிட்டு, குதிரை லாடம் மாதிரி திறந்திருக்கிற ஆசனமாகப் பார்த்து வாங்குங்கள். கமோட் நாற்காலியிலும் அப்படித் திறப்புள்ளது கிடைக்கும். கடையிலேயே ஆசனத்தின்மேல் உடுப்போடு உட்கார்ந்து, கையை விட்டுப் பாருங்கள். யார் பார்த்தால் என்ன? ரப்பர் குழாயில் பீச்சும் தண்ணீர் இருந்தால் இன்னும் வசதி. அந்தக் குழாய் உட்கார்ந்தபடியே நல்ல கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். வாளியும் குவளையும்தான் என்றால், வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு உறுதியான முக்காலியின்மேல் பக்கத்தில் வையுங்கள். குனிந்து மொள்ளப் போய் கவிழ்ந்தவர்கள் உண்டு.

வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலவற்றில் 100 கிலோ என்று இருக்கும். கனமான உடம்புக்காரர்களுக்கு அதைவிட அதிகம் தாங்குவதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனிப் பொருத்தும் விஷயம். உட்காரும் பீங்கானில் முதலில் பீங்கானையே ஆட்டிப் பாருங்கள். அடியிலுள்ள சிமெண்டு விட்டுப்போய் அது ஆடினால், மேலே என்ன வைத்தாலும் ஆடும். அதை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு பழைய மூடியையும் சீட்டையும் கழற்ற வேண்டுமா என்று ஆசனத்தோடு வரும் தாளைப் பாருங்கள். கழற்ற வேண்டியிருந்தால் பீங்கானின் பின்புறம் அடியில் இரண்டு நட்டு இருக்கும். விளிம்பைத் துடைத்துக் காயவிட்டு, ஆசனத்தை வைத்து, பிடிப்புகளைக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். இறுக்கியபின் இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். முன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து உடம்பு பாரத்தோடு அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் தூக்கினால் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடிப்பே இல்லாமல் சும்மா மேலே உட்காரும் ஆசனமும் விற்கிறார்கள். விலை மலிவு. ஒரு பக்கம் சாய்கிறவருக்கும் பக்கவாதக்காரருக்கும் அதை வாங்கவே வேண்டாம்.

கமோட் நாற்காலியில் கால்களை உயர்த்த ஸ்பிரிங் பொத்தான் இருக்கும். நாலு காலிலும் ஒரே எண்ணிக்கை ஓட்டையில் பொத்தான் 'டக்' என்று வெளியே வந்து நிற்க வேண்டும். பாதி வந்து நின்றால் பாரம் ஏறியதும் கால் உள்ளே இறங்கிவிடும். கால் அடியில் ரப்பர் குப்பி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சக்கரம் வைத்த நாற்காலியை ஈரத் தரையில் தனியாக உட்காரும் பெரியவருக்குக் கொடுக்காதீர்கள். அது ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற நோயாளிக்கு.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பல கக்கூஸ்களில் குந்தும் பீங்கானைச் சிமெண்டுத் திண்டு கட்டி அதன்மேல் பதித்திருக்கிறார்கள். நாற்காலியின் நாலு காலும் திண்டின் மேல் நின்று, பெரியவரின் பாதமும் திண்டின் மேலேயே ஊன்றினால் பிரச்சினை இல்லை. திண்டு குறுகலாக இருந்து, பாதம் கீழே தரையில் ஊன்றினால், உயரத்தை அந்தத் தரையிலிருந்துதான் கணக்குப் பண்ண வேண்டும். நாற்காலிக் கால் எங்கே நிற்கிறது என்பதல்ல, பாதம் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. முன்கால் இரண்டும் கீழே, பின்கால் இரண்டும் திண்டின் மேல் என்று வைக்கவே கூடாது. செங்கல் துண்டை அடைகொடுக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், வேணாம். பீங்கானில் பாதம் வைக்கிற வரிப்பள்ளத்தின் மேலும் நாற்காலிக் கால் விழக்கூடாது, அங்கே வழுக்கும். இடம் பற்றாவிட்டால் திண்டைச் சிமெண்டு போட்டு அகலப்படுத்துவது ஒரு நாள் வேலைதான்.

உயரத்திலிருந்து விழும்போது தெறிக்கும் என்று பெண்கள் அசூயைப்படுவார்கள். நியாயமான பேச்சு. அடிப்பாகம் இல்லாத வாளி போல ஒரு தடுப்பு சில நாற்காலிகளோடு வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். உட்காரும் முன் பீங்கானில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டாமல் போகும்.

பணமில்லாத வீடுகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். ஆசை புரிகிறது. ஆனால் அந்த நாற்காலியின் பலமே நடுப்பலகையில்தான் இருக்கிறது. அதை வெட்டியபின் நாலு காலும் அகன்று போகப் பார்க்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் என்றால் சொல்லாமல் உடையும். வெட்டிய விளிம்பு தொடையைக் கிழித்து, நீரிழிவுக்காரருக்குப் புண்ணாகி ஆறாமல் கிடந்து, நான் மருந்து கட்டியிருக்கிறேன். அதைவிட ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் செய்வது மேல். கெட்டியான மரத்தில் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தில் கால், நாலு பக்கமும் குறுக்குச் சட்டம், ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத போல்ட்டு நட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஓட்டை குறுக்கே 8 அங்குலம், முன்பின்னாக 10 அல்லது 11 அங்குலம், முன்பக்கம் திறப்பு. விளிம்பை உருட்டி, மணல்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பெயிண்டு இரண்டு கை அடிக்க வேண்டும். மரம் ஈரத்தில் அடியிலிருந்து இற்றுப்போகும். மாதம் ஒருமுறை கவிழ்த்துப்போட்டுக் கால் நுனியைக் குத்திப் பாருங்கள். எது செய்தாலும் எது வாங்கினாலும், வீட்டிலேயே கனமான ஆள் முதலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்க்கட்டும். பிறகு பெரியவர் உட்காரட்டும்.

ஆசனம் மட்டும் போதாது, பிடித்து எழக் கைப்பிடி வேண்டும். தண்ணீர்க் குழாய் கைப்பிடி அல்ல. துண்டு போடும் கம்பியும் அல்ல. அது துண்டின் கனத்துக்குத்தான் பிடிக்கும். நல்ல எஃகுக் கம்பி, கைக்குள் அடங்கும் கனத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். செங்கல் சுவரில் துளையிட்டு பிளக் வைத்து நீளமான ஸ்குரூவால் முடுக்க வேண்டும். பலகைத் தடுப்பிலும் சிமெண்டு அட்டையிலும் அது நிற்காது. அங்கே கைப்பிடியுள்ள நாற்காலியே பாதுகாப்பு. எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு உயரம் என்பதைப் பெரியவரையே உட்காரவைத்து, அவர் கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துச் சாக்பீசால் கோடு போடுங்கள். பக்கவாதம் வந்தவருக்குப் பலமுள்ள கைப் பக்கம்.

வீடு நிர்வாகத்துடையது என்பதால் சுவரில் துளை போட அனுமதி கேட்க வேண்டும். தயங்காமல் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உடைந்த தரையும் ஆடும் பீங்கானும் அதில் சேரும். கைப்பிடி நாமாகக் கேட்டு வாங்க வேண்டியது. ஒரு தோட்டத்தில் இதற்கு நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்தத் தாத்தா விழுந்த பிறகுதான் ஆசாரி வந்தார். அதனால்தான் வாய்ச்சொல்லாக விடாதீர்கள் என்கிறேன்.

தரையில் பாசியை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேயுங்கள். ராத்திரி ஒரு சின்னப் பல்பு எரியட்டும். தேய்ந்த சிலிப்பர் வேண்டாம். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரே கதவுக்கு அடைப்பாகிவிடுவார். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போடுங்கள். ஆள் உள்ளே இருப்பதற்கு அடையாளமாகக் கதவில் ஒரு துண்டைப் போட்டால் மானமும் போகாது.

எழுந்திருக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். முதலில் விளிம்புக்கு நகர வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். எழுந்ததும் நடக்கக் கூடாது. பத்து எண்ணும் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். தாத்தாமார்களும் ராத்திரியில் நின்றுகொண்டு ஒண்ணுக்குப் போகாமல் உட்கார்ந்தே போவது நல்லது. இதற்கு அவர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இடுப்பு மூட்டு மாற்றி ஆப்பரேஷன் செய்தவருக்கு நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. பல டாக்டர்கள், சில வாரங்களுக்கு இடுப்பு நேர்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது என்பார்கள். தாழ்வான இடத்தில் உட்காருவதும், முன்னால் குனிவதும் அவர்களுக்கு ஆகாது. ஆப்பரேஷன் செய்த காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்து, கையை ஊன்றி எழ வேண்டும். அவர்களுக்கு எத்தனை அங்குலம், எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் கடைக்கு ஓடாமல், ஆள் வருமுன்பே ஆசனம் தயாராக இருக்கட்டும்.

காசில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று பலகை போட்ட பிரிவில், வீட்டில் எப்படிப் பொருத்துவது, எந்த அளவு என்று சொல்லிக் கொடுப்பார்கள். டாக்டரிடம் அந்தப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் அங்கேயே மருத்துவ சமூகநலப் பிரிவையும் பார்க்கலாம். ஓகேயூ அட்டை உள்ளவர்கள் துணைச் சாதனங்களுக்குச் சமூகநல இலாகாவில் உதவி கேட்டு மனுச் செய்யலாம். வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனமானவர்களும் சொக்சோவில் இயலாமைப் பென்ஷன் பெறுகிறவர்களும் சொக்சோவில் விசாரிக்க வேண்டும். மலாயில் எழுத சிரமமாக இருந்தால் கமிட்டியிலோ என்னிடமோ வாருங்கள்.

கடைசியாக, பெரியவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். ஒரு வீட்டில் மகன் ஆசையாக வாங்கிவந்து, விருந்தாளிகள் பார்க்கிற மாதிரி நடுவீட்டில் வைத்துப் பிரித்திருக்கிறார். தாத்தா ஒரு மாதம் அதைத் தொடவில்லை. ராத்திரி வாளியை யார் கொட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மருமகள் தலையில் மட்டும் கட்டாமல் மகனும் பேரனும் முறை வைத்துக்கொள்ளட்டும். மூடியுள்ள வாளியாக வாங்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் கழுவுவது சுலபம். ஆசனத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாரம் ஒருமுறை எல்லா முடுக்குகளையும் இறுக்கிப் பாருங்கள். ஆசனம் வைத்த பிறகும் மலச்சிக்கல் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். இருதயம், சிறுநீரகம் கெட்டு, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். மணி ஐந்தரை. கையில் தேத்தண்ணி மங்கோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி எப்படி என்று கேட்டேன். "நாற்காலிக்கு ஒண்ணுமில்ல தம்பி. இவதான் தேத்தண்ணியில சீனியே போட மாட்டேங்கிறா" என்று மருமகளைக் காட்டினார். நீரிழிவுக்காரர், போடக் கூடாது என்று சொன்னவனே நான்தான்.

டிஸ்பென்சரியில் ஒரு அளவு நாடா வைத்திருக்கிறேன். இரவல் வாங்கிப் போகலாம், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.